தண்ணீர் இல்லாமல் பல் தேய்த்த பிள்ளை

டார்ச்சு என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் நாத்தனார் வீட்டுக் கூடத்தில். நாத்தனார் மகளுக்கு அப்போது ஏழு வயது. கொட்டாவி விடுகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, வாய்க்குள் டார்ச் அடித்துச் சொத்தை தேடுவாள். பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். தாய்மாமன் வைத்ததாயிற்றே, ஒட்டிக்கொண்டது.

வளர்ந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டருக்கு உதவியாளரானாள். ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து, சிறுநீரகம் கெட்டுப்போன எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றை அனுப்பினார்கள். அப்பாவின் கிட்னியை அதற்கு வைக்கப் பதினெட்டே நாள். வாயில் சீழ் இருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். வைத்தபின் கொடுக்கிற மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், சின்னப் புண்ணும் உயிருக்கு உலைவைத்துவிடுமாம்.

வாயைத் திறந்தால், ஈறெல்லாம் வீங்கி, தொட்ட இடத்தில் ரத்தம். ஒரு கடைவாய்ப் பல்லடியில் சீழ். கடைசியாக எப்போது பல் தேய்த்தாய் என்று கேட்டதற்குப் பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள்.

பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. தாகம் தாங்காமல், கொப்பளிக்கக் கொடுத்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிடும், முகம் வீங்கிவிடும். பயந்துபோன தாய் பிரஷ்ஷையே ஒளித்துவைத்துவிட்டாள். மூன்று மாசம்.

"குடிச்சது தண்ணியை. பிரஷ் என்னக்கா பாவம் பண்ணுச்சு?" என்றாள் டார்ச்சு.

டயாலிசிஸுக்கு மறுநாள், கிட்னி டாக்டரைக் கேட்டுக்கொண்டு அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். அன்றிலிருந்து டார்ச்சு தினமும் காலையில் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி ஓடினாள். மெத்தென்ற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், தேய்த்துத் துப்பு, கொப்பளிக்கவே வேண்டாம். தானும் கூட நின்று தேய்த்துக் காட்டினாள்.

"உங்களுக்குத் துப்பவே தெரியலக்கா, சட்டையெல்லாம் ஒழுகுது" என்றதாம் பிள்ளை.

பதினேழாம் நாள் பல் டாக்டர் குனிந்து பார்த்தார். எனக்குப் போன் வந்தது. குரல் காதைக் கிழித்தது.

"அத்தை, சொட்டு ரத்தம் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டாரு!"

மறுநாள் ஆபரேஷன். நாள் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்ததைத் தீயவிட்டேன். சாயங்காலம் மறுபடி போன். புதுக் கிட்னி வேலை செய்கிறது, பிள்ளைக்குக் குழாய் நிறைய மூத்திரம் போகிறது என்றாள். மூத்திரம் போனதற்குத் தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தது எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

இப்போது டார்ச்சு பல் பிரிவில் இல்லை. மூன்றாம் மாடியில், சிறுநீரகப் பிள்ளைகளின் வார்டிலேயே பல் பார்க்கப் போட்டிருக்கிறார்கள்.