அப்பா பேசிய கன்னடம்

ஓசூரில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இன்று வெற்று நாற்காலியிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்ததும் அப்பாவின் ஞாபகம் வந்தது.

கம்பெனி விட்டு வந்ததும் அப்பா, கையில் கிரீஸ் மணக்க, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தனியாகக் கன்னடம் பேசுவார். “சூப்பர்வைசர் கன்னடக்காரரு. அதான் பேசிப் பழகுறாரு,” என்பார் அம்மா. எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, “அவங்க பேசுறது உனக்கும் கேக்குதா பாப்பா?” என்று மெல்லக் கேட்டார். விளையாட்டென்று நினைத்து, “நல்லா கேக்குதுப்பா,” என்றேன். அவர் முகம் தெளிந்தது.

தனக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் அவருக்கே இருந்திருக்கிறது. அதன்பின் அவர் யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் குரல்களை அடக்க மாத்திரை உண்டென்று நான் பாடத்தில் படித்தபோது, அப்பா இறந்து மூன்று வருடமாகியிருந்தது.