ஐலண்ட் ஜிஞ்சரும் அப்பா வெட்டிய கிணறும்

போன மாதம் எங்கள் பக்கத்தில் காவிரிக் குழாய்த் தண்ணீர் ஐந்து நாள் வரவில்லை. எங்கோ ரோடு அகலப்படுத்துகிறார்களாம். கேன் தண்ணீரும் கடையில் தீர்ந்துவிட்டது. மருமகள் பழைய கிணற்றில் மோட்டார் போட்டு இரண்டு குடம் பிடித்து வைத்தாள். "குடிக்கறதுக்கு இல்லீங்க மாமா, ஏனம் கழுவறதுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பழக்கதோஷம், நான் ஒரு டம்ளர் மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டேன். அடுத்த நிமிடம் வாசலில் போய்த் துப்பினேன். உப்புக் கரித்தது.

கரித்தது என்று நான் எழுதுவது உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். அது எங்கள் அப்பா வெட்டிய கிணறு. பிறந்ததிலிருந்து நான் குடித்து வளர்ந்த தண்ணீர். அதை உப்பு என்று சொன்னதற்காக ஒருத்தியோடு நாலு நாள் பேசாமல் இருந்தவன் நான். வாயைக் கொப்பளித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மாலத்தீவில், மாலேயில் இருந்தேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் ஸ்டோர் கீப்பர் வேலை. கடத்தூர் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை. கப்பலில் வரும் வெங்காயம் அழுகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த உத்தியோகம். உள்ளே போனால் நாள் முழுக்க சட்டையில் வெங்காய வாடை. ஸ்டெல்லா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். நாகர்கோவில் பக்கத்துப் பெண். தமிழ்ச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்ததில் தொடங்கியது, ஒரு லீவில் அவள் ஊர் மாதா கோயிலில் வைத்துக் கல்யாணமாக முடிந்தது.

எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரே அறை, தகரக் கூரை. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் ஒரு வாய்க்கால் தகரத்தில் ஓடி வந்து சிமெண்டுத் தொட்டியில் விழும். குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழையைப் பிடிக்க வேண்டும். தொட்டியைத் திறந்தால் குளிர்ந்த தகர வாசனை ஒன்று வரும். இப்போதும் எங்கேயாவது நனைந்த தகரத்தைக் கண்டால் எனக்கு மாலே ஞாபகம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஸ்டெல்லாவோடு வேலை பார்த்த நாலைந்து டீச்சர்கள் மத்தியானம் வருவார்கள். எலுமிச்சம்பழமும் இஞ்சியும் ஸ்டோரில் மிஞ்சியது (காசு கொடுத்து வாங்கியதுதான், நம்புங்கள்). இஞ்சியை இடித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, எலுமிச்சை பிழிந்து, தொட்டித் தண்ணீர் விட்டு, ஓட்டல் சோடா மிஷினில் கேஸ் ஏற்றிக் கொண்டுவருவேன். எல்லாரும் இரண்டு டம்ளர் குடிப்பார்கள். கேரளத்துப் பூகோள வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு வாரமும், "இது ஊர்ல போய் கம்பெனியா தொடங்கணும் கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் போவார். சும்மா வாய் வார்த்தையாகச் சொன்னது. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாவுக்கு இன்னும் மூன்று வருடம் வேலையை நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் உயிர். சாயங்காலம் கடல் சுவரில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவாள். "இன்னும் மூணு வருசம் இருந்துட்டுப் போவோமே" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "அடுத்தவன் வெங்காயத்துக்குக் காவல் இருந்தது போதும்" என்றேன். மறுநாள் ராஜினாமா கடிதம் எழுதினாள். நல்ல கையெழுத்து அவளுக்கு. கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் நின்று பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஸ்டெல்லா ஒரு வாய் குடித்துவிட்டு சொம்பைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏங்க, தண்ணி கரிக்குல்லா?" என்றாள். அண்ணன் காதுக்கும் கேட்டுவிட்டது. "கடலுக்கு நடுவுல இருந்து வந்தவங்களுக்கு உப்பு பழக்கந்தானுங்களே?" என்றான். எல்லாரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா மூன்று கோடை அதைத் தோண்டினார். பாதிக்கு மேல் பாறை. கடப்பாரை, வேட்டு, மறுபடி கடப்பாரை. தண்ணீர் கண்ட அன்றைக்கு ஊருக்கே வெல்லம் கொடுத்தாராம். தோண்டும்போது விழுந்த கல்லில் அவர் இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. அந்தக் கிணற்றில் குறை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவே தோன்றாத விஷயம்.

கிணற்றுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டேன். சேலத்திலிருந்து பழைய கேஸ் மிஷினும் மூடி அடிக்கும் மிஷினும் வந்தன. பெயர் 'ஐலண்ட் ஜிஞ்சர்'. லேபிளில் ஒரு தென்னை மரம், ஒரு படகு, நீலக் கடல். கடலைக் கண்ணால் பார்க்காத ஊரில் அந்தப் படகு யாருக்காக என்று நான் யோசிக்கவில்லை. பங்குச் சாமியார் வந்து மிஷின் மேல் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தமும் அதே கிணற்றுத் தண்ணீர்தான், ஸ்டெல்லா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

கடத்தூர் சந்தையில் நன்றாகவே போயிற்று. "ஐலாண்டு ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பொம்மிடியில் ஸ்டேஷனுக்கு எதிரே காதர் பாய் கடை. ரயில் வரும் இடம் ஆயிற்றே, அங்கே பிடித்துவிட்டால் சேலம், ஜோலார்பேட்டை என்று போய்விடலாம் என்று கணக்கு. வாரம் இரண்டு முறை மொபெட்டில் பாட்டில் கிரேட் கட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டுக் காலி பாட்டில் எடுத்து வருவேன். அந்தக் காலி பாட்டில்களில் பல காலியாக இல்லை. பாதி, முக்கால் என்று அப்படியே இருந்தன.

காதர் பாய் நல்ல மனுசர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார். "ஊர்க்காரங்க சுத்தமா காலி பண்றாங்க தம்பி. ரயில்ல வந்து எறங்கறவங்கதான் ஒரு வாய் குடிச்சிட்டு பெஞ்சுல வெச்சிட்டுப் போறாங்க. என்னான்னு எனக்கும் புரியல" என்றார். அவரும் ஒரு பாட்டிலைத் திறந்து குடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குது" என்றார். அவரும் எங்கள் பக்கத்துத் தண்ணீரில் வளர்ந்தவர்.

நான் இஞ்சியை மாற்றினேன். எலுமிச்சையை மாற்றினேன். சர்க்கரையைக் கூட்டினேன், குறைத்தேன். பாட்டிலின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்ததைச் சோப்பின் குற்றம் என்று சோப்பை மாற்றினேன். பாட்டில் கழுவ வந்த இரண்டு பெண்களையும் திட்டினேன். மாற்றாதது ஒன்றுதான்.

ஐப்பசியில் ஒருநாள் காலை நல்ல மழை. ஸ்டெல்லா ஓட்டுக் கூரை விளிம்பில் அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடித்தாள். மத்தியானம் என் முன்னால் இரண்டு டம்ளர் வைத்தாள். இரண்டிலும் ஐலண்ட் ஜிஞ்சர், அவளே கலந்தது. ஒன்று மழைத் தண்ணீரில், ஒன்று கிணற்றுத் தண்ணீரில். எது எது என்று சொல்லவில்லை. "குடிச்சுட்டு எது நல்லாருக்குன்னு சொல்லுங்க" என்றாள். நான் நியாயமாகத்தான் குடித்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். வலது பக்கத்து டம்ளரைக் காட்டி, "இதுதான். இன்னொண்ணு சப்புனு கெடக்குது" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "அது கெணத்துத் தண்ணி" என்றாள். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். அவள் விடவில்லை. "உங்களுக்கு இது பழகுன நாக்கு. ரயில்ல வாறவங்களுக்கு என் நாக்குதான் இருக்கும். வேற எங்கயாவது நல்ல தண்ணி எடுத்துப் போட்டுப் பாப்போமே. அதுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம்." கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. அப்பாவின் மடங்காத விரல்கள் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. "எங்கப்பன் வெட்டுன கெணறு இது. புடிக்கலைன்னா உங்க ஊருக்குப் போ" என்றேன்.

அவள் போகவில்லை. இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பேசாமல் இருந்த அந்த நாலு நாள் அப்போதுதான்.

அடுத்த கோடையில் சேலத்தில் ஒரு பெரிய ஏஜெண்டைப் பார்க்கப் போனோம். அவளும் வந்தாள். அவர் ஒரு பாட்டிலைத் திறந்து கொஞ்சம் வாயில் வைத்திருந்து விழுங்கினார். "சரக்கு நல்லா இருக்குதுங்க. தண்ணிதான் கரிக்குது. வேற தண்ணில போட்டு எடுத்துட்டு வாங்க, நானே எடுத்துக்கறேன்" என்றார். கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்ட மாதிரிதான். நான் ஸ்டெல்லா பக்கம் திரும்பவே இல்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு, அந்தச் சண்டையிலேயே ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஏஜெண்டிடம் திரும்பப் போகவில்லை. அந்தக் கோடையோடு கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன். ஊரில் கேட்டவர்களிடம், ஜனங்களுக்கு ருசி தெரியவில்லை என்று சொன்னேன்.

பிறகு நான் அண்ணனோடு மஞ்சள், கரும்பு என்று காட்டைப் பார்த்தேன். ஸ்டெல்லா பொம்மிடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய், நின்றுகொண்டு வந்தாள். மழை பெய்தால் மட்டும் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓட்டுக்கடியில் அண்டா வைப்பாள். "மாலே தண்ணி வந்துருக்கு, குடிக்கிறீங்களா?" என்று எனக்கும் ஒரு டம்ளர் நீட்டுவாள். "சப்புனு கெடக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். வருடக்கணக்கில் இது எங்களுக்குள் ஒரு வேடிக்கை மாதிரி நடந்தது. வேடிக்கை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஐம்பது தாண்டியதும் அவளுக்கு முட்டி மடக்க முடியாமல் போயிற்று. சேலத்தில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "இது தண்ணியால எலும்புல வர்ற கோளாறு. எந்த ஊரு தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். நான் அவள் பக்கம் திரும்பினேன். "எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணிதாங்க" என்றாள். எங்கள் ஊர்க்காரி மாதிரியே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

காவிரித் தண்ணீர் வந்தபோது அவள் இருந்தாள். முதல் டம்ளரை மெதுவாகக் குடித்து முடித்தாள். நான் ருசியே இல்லை என்று ஆறு மாதம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எப்போது முணுமுணுப்பை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. எப்போது என் நாக்கு மாறிற்று என்றும் தெரியாது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

கொட்டகை இப்போது இல்லை. காதர் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஓட்டு வீட்டை இடித்து மகன் மாடி கட்டிவிட்டான். மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக நேரே சாக்கடைக்குப் போகிறது, அண்டா வைக்க விளிம்பு இல்லை. தண்ணீர் வராத ஐந்தாம் நாள் சாயங்காலம் மழை வந்தது. நான் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். முதல் மழையை விட்டேன். நனைந்துகொண்டே நீட்டிப் பிடித்ததில் கால் டம்ளர் சேர்ந்தது. குடித்தேன்.

"நல்லாருக்குது ஸ்டெல்லா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

உள்ளேயிருந்து மருமகள், "என்னங்க மாமா, கூப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா. மழை வருது" என்றேன்.