கேட்டு எழுதிய சுவர்

சுண்ணாம்பில் நீலம் கலக்கும்போது எழும் காரநெடி தெருவில் வந்தால் தேர்தல் வந்துவிட்டதென்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மலையடிவாரத்துப் பெரிய கோயிலுக்கு வடக்கே இருந்த எங்கள் சின்னத் தெருவில், கட்சிக்காரர்கள் வீட்டுக்காரரைக் கேட்காமலே சுவரில் கட்சிப் பெயரைக் கிறுக்கி இடம்பிடித்துவிட்டுப் போவார்கள். அதற்கு "செவுரு புடிக்கிறது" என்று பேர். எதிர்வீட்டு குணா அண்ணன் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். "எழுதிக்கோ, முடிஞ்சதும் வெள்ளையடிச்சிக் குடுத்துடணும்" என்றார் என் அப்பா. எனக்கு அப்போது எட்டு வயது.

குணா அண்ணனின் கட்சி தோற்றது. மறுநாள் காலையிலேயே வாளியும் மட்டையுமாக வந்து, எழுதிய அத்தனை சுவர்களுக்கும் தனியாளாக வெள்ளையடித்தார். "தோத்த கட்சிக்கு எங்க செவுருதான் கெடச்சுதா?" என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். "சொன்னபடி செய்யலன்னா அடுத்த தபா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்து கேப்பேன்க்கா?" என்றார், புருவமெல்லாம் சுண்ணாம்புத் துளியோடு.

அந்த குணா அண்ணன்தான் இப்போது எல்லா டிவியிலும் வருகிறார். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு குடும்பத்தின் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையை மிரட்டி எழுதி வாங்கிவிட்டாராம். முகத்தைத் துண்டால் மறைத்தபடி அவர் காரில் ஏறுவதையே நாளெல்லாம் காட்டுகிறார்கள்.

இன்னும் அதே எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் வெள்ளையடிச்சத நீ பாத்தவந்தானே கண்ணு? கலெக்டர் ஆபீசாண்ட டிவிக்காரங்க மைக்கு வெச்சிக்கினு நிக்கிறாங்களாமே, போய்ச் சொல்லு."

வேங்கிக்கால் வரைக்கும் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அங்கே கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிலம் போன குடும்பம் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு மைக் என் முகத்துக்கு நேரே வந்தது. "சார், அவரை உங்களுக்குத் தெரியுமா?" நான் அஞ்சாவது படித்தவன், நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. அதோடு, பட்டாவை மடியில் வைத்திருந்த அந்தக் குடும்பத்துப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் இன்று வெள்ளையடித்த சுவரே கிடையாது, எல்லாம் டைல்ஸ். வாசலில் நின்று கேட்கிற கட்சிக்காரரும் கிடையாது.

"சொன்னியா?" என்றார் குணா அண்ணனின் அம்மா.

"சொல்லிட்டேம்மா."

இரண்டு நாளாக அவர் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்: "உன்ன எப்போ காட்டுவாங்க கண்ணு?"