ராகேல் படகைப் புரட்டிய விதம்

பூவாறு ஆற்றங்கரையில் ராகேலுக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு கிடந்தது. நீளம் இருபத்தாறடி, அகலம் ஆறரை. ஆறு வருஷம் சவாரி ஏற்றி, மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் கேட்பாரற்றுக் கிடந்த பிறகு அதை அவள் வாங்கினாள்.

"மரப்படகுன்னா விறகுக்காவது ஆகும் மைனி. இத எரிச்சா நாத்தம்லா அடிக்கும்" என்றான் கொழுந்தன் ராஜமணி.

ராகேலுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. பத்தொன்பது வருஷம் படகுக் கம்பெனியில் கண்ணாடி இழைப் பாய் வெட்டி, அதன்மேல் ரெசின் என்ற பசை பூசியவள். விரல் ரேகை தேய்ந்துபோய், ரேஷன் கடை மெஷின் அவள் விரலை முதல் தடவையில் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட படகுகள் அவள் கைபட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன. ஒன்றுகூட அவளுடையதில்லை. இது ஓடவேண்டும், தானே சவாரி ஏற்றவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அதற்குப் படகைக் கவிழ்த்துப் போடவேண்டும். அடியைத் தேய்த்து, புது இழை ஒட்டி, ஜூன் மழைக்கு முன் காயவிட வேண்டும். ஈரக்காற்றில் ரெசின் சரியாக இறுகாது. கவிழ்க்கும்போது விளிம்பு பிளந்தாலோ, படகே போயிற்று.

2023 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை. சபையில் ஆராதனை முடிந்து வந்த இருபத்திரண்டு ஆண்கள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கரையில் படகு புரட்டுவது எப்போதும் அப்படித்தான். எல்லோரும் ஒரே பக்கம் கைகொடுத்து, ஒரு கூச்சலில் தள்ளிவிடுவார்கள். மரப்படகு அதைத் தாங்கும். இந்தப் படகு ஒரு முழம் எழும்பியதுமே, மண்ணில் ஊன்றிய இடது விளிம்பு நெரியும் சத்தம் ராகேலுக்குக் கேட்டது.

"இறக்குங்க! இறக்குங்க!"

"இன்னும் ஒரு தள்ளு போதும் மைனி."

"பொளந்தா நீயா ஒட்டித் தருவ? இறக்குலே!"

இறக்கிவிட்டு, முணுமுணுத்தபடி கலைந்து போனார்கள். ராகேல் மட்டும் அங்கேயே நின்றாள். இந்த அளவுப் படகு அறுநூறு கிலோவைத் தாண்டாது. இருபத்திரண்டு ஆண்களுக்கு இது ஏன் இப்படிக் கனத்தது?

மறுநாள் முன்பக்கத் தளத்தின் ஓரமாக ஒரு துளை போட்டாள். வெறும் தூள் உதிர்ந்தது. ராஜமணி சிரித்தான். படகு கரைச்சரிவில் தலையைத் தூக்கிக்கொண்டு கிடப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்பக்கம் போய்க் குந்தி, தாழ்வான இடத்தில் துளைத்தாள். பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவள் நைட்டியை நனைத்தது. மிதப்பதற்காகத் தளத்துக்கு அடியில் வைத்த நுரைப்பாளம் வருஷக்கணக்கில் நீர் குடித்திருந்தது. ராஜமணியின் சிரிப்பு நின்றது.

இருபது லிட்டர் பெயிண்ட் வாளியை வைத்தாள். அது நிறையும்போதெல்லாம் வெளியே ஊற்றிவிட்டு, படகின் பக்கத்தில் ஒரு கரிக்கோடு. பதினோரு நாளில் பதின்மூன்றரை வாளி. இருநூற்றெழுபது கிலோ.

ஏப்ரல் 29, சனிக்கிழமை காலை. பாறசாலையில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பகவதிப்பெருமாள் கனம் தூக்கும் சங்கிலிக் கப்பிகளான செயின் பிளாக்குகள் இரண்டுடன் வந்தார். படகின் இருபுறமும் இருந்த தென்னைகளில் அவற்றைக் கட்டி, இரண்டு சங்கிலிகளையும் வலது விளிம்பில் மாட்டச் சொன்னாள் ராகேல். இடது விளிம்புக்குக் கீழே டயர்கள். உள்ளே குறுக்கே முட்டுக்கட்டைகள்.

"இழுக்க ஒண்ணு போதுமே அக்கா. எதிர்ப்பக்கம் எதுக்கு இன்னொண்ணு?"

"பிடிச்சு நிறுத்த. பாதி தாண்டினா அதுவே விழப் பாக்கும். பின்னே தள்ள ஆள் வேண்டாம், பிடிக்கத்தான் வேணும்."

இந்தத் தடவை மொத்தம் ஆறே பேர். படகு நிமிர்ந்து நின்ற பிறகு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, பிடிக்கிற சங்கிலியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

ஏழு பத்துக்குப் பகவதிப்பெருமாள் இழுக்கத் தொடங்கினார். படகு மெல்ல எழுந்து, பக்கவாட்டில் சுவர்போல நின்றது. அவ்வளவு நேரம் சும்மா இருந்த ராஜமணியின் கைகள் பழக்கத்தில் தானாக உயர்ந்து அதன் அடிப்பாகத்தில் போய் ஊன்றின. "தள்ளு..." என்று அவன் வாயெடுக்கும்போதே படகு உலுக்கியது. ராகேலின் சங்கிலி விறைத்து, தென்னை மட்டைகள் ஆடின.

"கையெடுலே! பின்னால கட்டு!"

ராஜமணி பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ராகேல் கண்ணி கண்ணியாகச் சங்கிலியை விட்டாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள், மறுபடி விட்டாள். "நான் பிடிக்கட்டா அக்கா?" என்ற பகவதிப்பெருமாளிடம் வேண்டாமென்று தலையசைத்தாள். ஏழு ஐம்பத்திரண்டுக்குப் படகு குப்புற டயர்களில் அமர்ந்தது. கூச்சல் எதுவும் இல்லை.

அவள் மண்டியிட்டு இடது விளிம்பை முனையிலிருந்து முனைவரை விரலால் தடவிப் பார்த்தாள். பிளவில்லை. பிறகு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அடிப்பகுதி முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். உள்ளே இழை விட்டுப்போய்ச் சத்தம் மழுங்கிய இடங்களில் கரியால் வட்டம் போட்டாள். முப்பத்தொரு வட்டம்.

ராஜமணி இன்னும் கையைப் பின்னால் கட்டியபடி நின்றான்.

"இனி தொடலாமா மைனி?"

"தொடு" என்று அவனிடம் உப்புத்தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். "முதல் வட்டத்துல இருந்து தேய்."