நாற்பத்தொரு மென்பொருள்களும் ஒரு தேதியும்

மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அவருக்கு அங்கே 'பிரிண்டர் சார்' என்று பெயர். காகிதம் சிக்கினால்தான் அவர் நினைப்பே வரும். தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து வெளியிடும் ஓர் இலவச இயங்குதளத்தில் அவருக்கும் ஒரு பொறுப்பு உண்டென்று அங்கே யாருக்கும் தெரியாது. திரையில் எழுத்துகளை வரைந்து கொடுக்கும் சின்ன 'லைப்ரரி' ஒன்று, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு, அவர் பராமரிப்பில் இருந்தது. நாற்பத்தொரு மென்பொருள்கள் அதை நம்பி ஓடின.

அடுத்த வெளியீட்டுக்கு முன் 'ஃப்ரீஸ்' என்றொரு தேதி வரும். அதற்குப் பிறகு புதிதாக எதையும் உள்ளே விடமாட்டார்கள். லைப்ரரியின் புதுப் பதிப்பை அதற்குள் ஏற்றாவிட்டால் இரண்டு வருடம் பழையதோடு மாரடிக்க வேண்டும். ஏற்றினாலோ, அதோடு பழைய முறையில் பேசும் மென்பொருள்கள் படுத்துவிடும். ஆறு வாரம் முன்பே ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். ஏழு படுத்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஏழு பேருக்கும் எழுதினார். ஆறு பேர் சரிசெய்துவிட்டு ஒரு வரி பதில் போட்டார்கள். ஏழாவது ஆள் மூச்சே விடவில்லை.

அது பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மென்பொருள். பதில் வராவிட்டால் வெளியீட்டுப் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம் என்பது விதி. நீக்கச் சொல்லிக் கடிதமும் எழுதிவிட்டார். அனுப்பத்தான் மனம் வரவில்லை. அந்த ஆளின் பழைய மடல் ஒன்றின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆள் கேட்டார்: "அதை இன்னும் யாராவது வச்சிருக்காங்களா? எங்கம்மாவுக்காக எழுதினதுங்க. அவங்க போய் மூணு வருஷமாச்சு. அப்புறம் அதை நான் திறக்கவே இல்ல."

"போன மாசம்கூட ஒருத்தர், கலரை மாத்தித் தர முடியுமான்னு கேட்டு எழுதியிருக்காரு."

"அப்படியா? எனக்கு எல்லாம் மறந்துபோச்சே."

"அதுல கையை நான் வைக்கிறேன். நீங்க லைன்ல இருந்தாப் போதும்."

மூன்று ஞாயிறு அப்படிப் போயின. மேசைமேல் ஃபோன் கிடக்கும். அதிலிருந்து ஒரு நாற்காலி கிறீச்சிடும், ஒருவர் இருமுவார், "அந்த வரியை எதுக்கு எழுதினேன்னே தெரியலைங்க" என்று சிரிப்பார். இவர் வீட்டில் அவ்வளவு பேச்சுக்குரல் கேட்டு வருடங்களாகிவிட்டன.

அக்கா ஒருநாள் ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமையானா உன் ஃபோன் பிஸியாவே இருக்கேடா, யாரது?"

"லைப்ரரி வேலை, அக்கா."

"புஸ்தகம் படிக்க எதுக்குடா ஃபோனு?"

ஃப்ரீஸுக்கு நான்கு நாள் இருக்கையில் நாற்பத்தொன்றும் ஓடின. புதுப் பதிப்பை ஏற்றினார். எதுவும் உடையவில்லை, அதனால் யாரும் எதுவும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிடக் காரணம் இல்லை. பதினொரு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஐயையோ, ஏதாவது உடைஞ்சுபோச்சுங்களா?"

"இல்லைங்க. எல்லாம் நல்லா ஓடுது."

"அப்படிங்களா... அப்பச் சரிங்க."

இருவரும் ஃபோனை வைக்கவில்லை. சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று இவர் தேடினார். இருமல் சத்தம் ஒருமுறை கேட்டது. "சரிங்க, வச்சிடறேன்" என்று கடைசியில் இவரே சொன்னார்.