பாவாடை குடிக்கவில்லை

பாவாடை குடித்துவிட்டுச் செத்தான் என்று மரக்காணத்தில் இன்றைக்கும் யாராவது வாய் திறந்தால், அவனோடு உப்பளத்தில் வேலை பார்த்த பச்சமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும். டீக்கடையானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். புயல் வருஷத்திலிருந்து சுமக்கிற ஆத்திரம் அது.

பாவாடை குடிக்கிறவன்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பாத்தியில் இறங்கி உப்பு வாரினால் இரண்டு ஆள் வேலையை ஒருத்தனே பார்ப்பான். சாயங்காலம் இரண்டு ஆள் சரக்கையும் ஒருத்தனே குடிப்பான். வாய் சும்மா இருக்காது. உப்பளத்து முதலாளி சரவணகுமார் வெள்ளைச் சட்டையோடு வரப்பில் வந்தால், "பாத்து வாங்க, உப்பு அழுக்காயிடப் போவுது" என்பான். ஆனால் கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் வேறு ஆள். கறுப்பு வேட்டி, வெறுங்கால், சொட்டு தொடமாட்டான். அவன் பெண்சாதி லட்சுமியம்மாள் வருஷத்தில் அப்போதுதான் நிம்மதியாகத் தூங்குவாள். கண்ணில் படுகிறவரையெல்லாம் 'சாமி' என்பான். தெருநாயைக்கூட.

அப்படி மாலை போட்டிருந்த சமயத்தில்தான் புயல் அடித்தது. கரண்ட் இல்லை. உப்பு அம்பாரங்களைச் சுற்றி வெள்ளம். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓட்ட முதலாளி புது ஜெனரேட்டர் ஒன்றை இறக்கினார். இந்தப் பக்கத்தில் தூறல் விழுந்தால் கை தானாக எதையாவது மூடும். ஓலை போட்டு உப்பை மூடி மூடிப் பழகிய கை. மிஷினையும் உப்பு மாதிரியே நினைத்துவிட்டார்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், உள்ளே வைத்து மூடுங்கள் என்றார் முதலாளி. கொட்டகைக்குள் வைத்து, நாலு பக்கமும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார்கள். உள்ளேயே மிஷினுக்குப் பக்கத்தில் பாவாடை காவல்.

பெட்ரோல் வாங்கப் போன பச்சமுத்து, வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் கூனிமேடு வரை சுற்றித் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மிஷின் நின்றுபோயிருந்தது. பாவாடையும்தான். கழுத்தில் துளசி மாலை அப்படியே இருந்தது.

மிஷின் புகை கொன்றது. மூக்குக்குத் தெரியாமல் ஆளைச் சாய்க்கிற விஷப்புகை. ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொன்னார்கள். முதலாளியோ, சரக்கடித்துவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னார். ஊரும் நம்பியது. குடிகாரன் செத்தால் எவன் காரணம் தேடப்போகிறான்? மாலையோடு குடித்தானாமே என்ற பேச்சில் லட்சுமியம்மாள் கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

அந்தப் பொய்தான் இந்த வருஷம் ஐப்பசி மழையில் மிஷினை மறுபடியும் உள்ளே தள்ளியது. அதே கொட்டகை, அதே தார்ப்பாய். உள்ளே புதுக் காவல்காரன் அந்தோணிதாஸ். மோட்டார் பார்க்க வந்த பச்சமுத்து தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தான்.

"ஏம்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லண்ணே. லேசா தல வலிக்குது."

பச்சமுத்து உள்ளே பாய்ந்தான். அவனை மழையில் இழுத்துப் போட்டான். மிஷினை நிறுத்தினான். தார்ப்பாய்க் கயிறுகளை அறுத்தான். ஆட்களைக் கூப்பிட்டு மிஷினைக் கொட்டகையை விட்டுத் தள்ளி, புகை ஆளில்லாத பக்கம் போகிற மேட்டுக்குத் தூக்கினான். நாலு கழி நட்டு மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறப்பு. சூடு ஆறுமுன் பெட்ரோல் ஊற்ற வந்தவனை அசிங்கமாகத் திட்டினான்.

முதலாளி குடையோடு ஓடிவந்தார். "மிஷின் துருப்பிடிச்சா எவன்டா பதில் சொல்றது?"

"துருவ நான் தேச்சுத் தர்றேன். செத்தவன என்னா பண்ணுவீங்க? பாவாட அன்னிக்குக் குடிக்கல. உங்களுக்கும் தெரியும்."

சாராய வாடையே ஆகாத அந்தோணிதாஸ் வரப்பில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். பிறகு முதலாளியைப் பார்த்தார்கள். அவர் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

புயல் வருஷத்தில் அன்றைக்குப் பெட்ரோல் கேனோடு கிளம்பிய பச்சமுத்துவைத் தார்ப்பாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி பாவாடை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பச்சமுத்து சாமி, வர்றப்ப தலவலிக்கு ஒரு மாத்திர வாங்கிட்டு வா."