‘நான்தான்’ என்பதற்கு முன்னால் இருந்த குரல்

குத்தம்பாக்கத்தில் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் முகம் முகமாகத் தெரிந்தது நான் கட்டி நிறுத்திய ஆண்டெனாவில்தான். பூந்தமல்லியில் சாயங்காலம் ஆனால் மின்சாரம் மங்கி, மின்விசிறி நொண்டியடிக்கும். அந்தக் காலத்தில் பாதிக் கடைகளின் குளிர்பெட்டிகள் கருகாமல் தப்பியது நான் சுற்றிக்கொடுத்த ஸ்டெபிலைசரால். வேலப்பன்சாவடியில் புதிதாகக் கல்யாண மண்டபம் எழும்பியபோது அதன் ஆம்ப்ளிஃபையரைப் பற்றவைத்தது இந்தக் கை. கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்து எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி, மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்து, ஆவடி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குக் கட்டிக்கொடுத்தவனும் நான்தான். நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவரின் மகன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. இங்கிலீஷை இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லவேண்டியிருக்கிறது.

ஆனால் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக இல்லை. நான் கட்டியதிலேயே மிகச் சிறியது ஒன்று உண்டு. ஒரு மனிதர் தன் மனைவியிடம் பேசுவதற்கு வேண்டிய சில சொற்கள். அதைப் பற்றித்தான்.

அந்த மனிதர் ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் கருவி ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். மகளின் கம்ப்யூட்டர் படிப்புக்காக அவர் வீட்டுக்கு ஒரு பெட்டி கட்டிக்கொடுத்தேன், அப்படித்தான் பழக்கம். என்னைவிட மூத்தவர், அண்ணாத்தே என்பேன். அவர் மனைவியை அண்ணி என்பேன். அண்ணிக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்து பார்வை முழுக்கப் போயிருந்தது. ஆனாலும் சமையல், துவையல் எல்லாம் அவர்தான். கை தடவிப் பார்க்கும், காது மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அண்ணாத்தே வாசலில் செருப்பை விடும்போதே “நான்தான்” என்பார். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனாலும் “நான்தான்”. அந்தச் சொல்லைச் சொல்லாமல் அண்ணியின் தோளில் கைவைக்க மாட்டார். சொல்லாமல் வருகிற கை யாருடைய கை என்று அண்ணிக்கு எப்படித் தெரியும்?

மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். பெட்டி துணி போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அண்ணாத்தே அம்பத்தூரில் இருந்த என் கடைக்கு வந்தார். குரல் கரகரத்திருந்தது. தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள்.

“எடுத்துட்டா அப்புறம் பேச்சு இல்லியாம் நைனா,” என்றார். “எழுதிக் காட்டலாம்னு டாக்டர் சொல்றாரு. யாருக்கு எழுதிக் காட்டுறது? அவளுக்கா?”

எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரில் அவர் குரலைப் பிடித்துவைப்பது. ஒரு விசைக்கு ஒரு சொல். விசையை அழுத்தினால் அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். டேப்பில் பிடித்தால் போதாதா என்று கேட்டார்.

“அண்ணாத்தே, அண்ணி அடுப்பாண்ட சூடு பட்டுக்கப் போறாங்கோ. நீங்க கேசட்ட முன்னால ஓட்டி, பின்னால ஓட்டி, ‘பாத்து’ன்ற வார்த்தை எங்க கீதுன்னு தேடிக்கினு இருப்பீங்களா?”

சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தொண்டை வலித்தது தெரிந்தது.

முதல் நாள் அவர் வீட்டில் மைக்கை வைத்து “நான்தான்” என்று சொல்லவைத்தேன். கரகரப்பு இருந்தாலும் அது அவருடைய குரல்தான். விசையை அழுத்தினேன்.

“நா… நா… நா… நா… நா…”

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. அண்ணி சுவரைத் தடவிக்கொண்டு ஓடிவந்தார். “இன்னாய்யா ஆச்சு? அடைச்சிக்கிச்சா? தண்ணி குடி, தண்ணி குடி!”

“நான் இல்லடி. பெட்டி.”

“பெட்டிக்குமா தொண்டையில நோவு?” என்று அண்ணி கேட்டார். சிரிக்கவைக்கத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் அந்தத் திக்கலோடு மல்லுக்கட்டினேன். ஒலிபெருக்கியை மாற்றினேன். கம்பியை மாற்றினேன். மைக்கை மாற்றினேன். மின்சாரம் மங்குவதால் இருக்கும் என்று என் கையால் சுற்றிய ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். விண்டோஸ் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். எதைப் போட்டாலும் முதல் துண்டையே பிடித்துக்கொண்டு திக்கியது. ஒவ்வொரு முறையும் அவரைப் பேசவைத்துத்தானே சோதிக்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மருத்துவமனையில் சேரும் நாளையும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பெட்டியை ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. அண்ணாத்தேயின் தொழிற்சாலையில், சரிபார்த்து முடுக்கிய திருகின் தலையையும் அடித்தகட்டையும் சேர்த்துச் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு உடையாமல் இருந்தால் அந்தத் திருகை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். நான் பெட்டியைக் கட்டிக்கொடுத்த அன்றே அதன் திருகுகளுக்கு அவர் அப்படிக் கோடு இழுத்துவிட்டார். இப்போதும் கோடு ஒன்றுகூட உடையவில்லை. அப்படியானால் உள்ளே நான் வைத்தது வைத்தபடி இருக்கிறது. மகள் அதில் பாட்டுக் கேட்டபோது ஒரு திக்கலும் இல்லை. நான் வைத்தது தானாகக் கெட்டுப்போகாது. என் வேலையை நான் நம்பினேன், அவருடைய பெயிண்டையும் நம்பினேன்.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி மோர் கொண்டுவந்து வைத்தார்.

“ஏன் தம்பி, உள்ள தூசு கீசு கீதா பாத்தியா? ஆயுத பூஜைக்கு இவரு தொறந்து தொடச்சாரே, அதுக்கு மேல யாரும் தொடைக்கல.”

“தொறந்தாரா?”

“ஆமா. திருகாணி ஒண்ணு உருண்டு கட்டிலுக்கு அடியில போச்சே. சத்தத்த வெச்சி நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

அண்ணாத்தேயைத் திரும்பிப் பார்த்தேன். திருகுகளைக் கழற்றி, துடைத்து, திரும்ப முடுக்கி, முறைப்படி மறுபடியும் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார். சரிபார்த்து முடுக்கினால் கோடு இழுக்கத்தானே வேண்டும்? அவர் கணக்கில் அதில் தப்பே இல்லை.

கோடுகளை உடைத்துப் பெட்டியைத் திறந்தேன். நான் காலியாக விட்டிருந்த இடங்களில் இரண்டு அட்டைகள் உட்கார்ந்திருந்தன. மகள் படிப்புக்காக வாங்கிப் பழகிவிட்டு அலமாரியில் போட்டுப்போன மோடமும் நெட்வொர்க் அட்டையும். இரண்டின் ஓரத்திலும் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

“இன்னாத்துக்கு அண்ணாத்தே இத உள்ள சொருவுனீங்க?”

“எடம் காலியா கீதே நைனா. சும்மா வெளிய கெடந்தா தொலைஞ்சிடும். அதுக்குன்னு எடம் இருக்கசொல்ல வெளிய போடுவாங்களா?”

எனக்குப் புரிந்தது. அவருடைய ஸ்டோரில் சுவர் முழுக்கப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பலகையில் வரைந்துவைத்திருப்பார்கள். ஷிப்டு முடியும்போது ஏதாவது ஓர் உருவம் வெறுமையாகத் தெரிந்தால், அந்தக் கருவி எங்கே என்று பதில் சொல்லாமல் ஸ்டோர்க்காரர் வெளியே போக முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் காலி இடத்தைக் கண்டு பயந்தவர். கம்ப்யூட்டருக்குள்ளும் காலி இடத்தை அவரால் விட முடியவில்லை.

அதில்தான் கோளாறு. ஒலி அட்டை கையிலிருக்கும் துண்டுச் சத்தத்தைப் பேசி முடித்ததும் ஒரு மணியை அடிக்கும். அடுத்த துண்டைக் கொடு என்று அர்த்தம். பெட்டிக்குள் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு மணி எண் உண்டு, கடைக்காரர்கள் ஐ.ஆர்.கியூ. என்போம். ஒலி அட்டையின் எண் ஐந்து. அந்த நெட்வொர்க் அட்டையின் எண்ணும் ஐந்து. அதற்கு உரிய மென்பொருள் ஏற்றாததால் அது உள்ளே இருப்பதாகத் திரையில் காட்டவே இல்லை. ஆனால் மணிக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒலி அட்டை அடித்த மணி கேட்கவில்லை. அடுத்த துண்டு வரவில்லை. வராதவரைக்கும் அது கையில் இருந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அட்டையைப் பிடுங்கினேன். பெட்டியை மூடாமலே விசையைத் தட்டி ஒரு பழைய பாட்டைப் போட்டேன். தடையில்லாமல் ஓடியது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அன்றைக்கு இதைக் கண்டுபிடித்திருக்கக் கூடியவர்கள் யாரென்று கேட்டால், என்னைத் தவிர ஒரு பெயரும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் முன்பு பிடித்த பதிவுகள் அத்தனையும் பாழ். குரல் கொஞ்சம் நன்றாக இருந்த நாட்களின் பதிவுகள் அவை. பிடிக்கும்போதே துண்டு துண்டாகப் பிடித்திருந்தது. இனி அன்று மத்தியானம் மிச்சம் இருக்கும் குரல்தான்.

மைக்கை வைத்துவிட்டு, “பேசுங்க அண்ணாத்தே” என்றேன்.

“நான்தான்.”

ஒட்டுப்போட்ட குரல். ஆனாலும் முழுச் சொல். அடுத்து, “படி கீது, பாத்து.” அடுத்து, “சாப்ட்டியா?” அடுத்து, “மாத்திர போட்டுக்கோ.” “இங்கதான் கீறேன்” என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட நேரம் மூச்சு வாங்கினார். கடைசி விசையை அண்ணியின் பெயருக்கு வைத்திருந்தோம். அதற்கு வாயைத் திறந்தார். இருமல் வந்தது. துண்டை வாயில் வைத்து எடுத்தபோது துண்டில் ரத்தம். அண்ணியால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் இருமலின் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டார்.

“வுடுய்யா. என் பேரு எனக்குத் தெரியும்.”

அந்த விசை காலியாகவே நின்றது.

ஆபரேஷன் முடிந்து கழுத்தில் ஓட்டையோடு வீட்டுக்கு வந்தார். பெட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பார்க்கப் போயிருந்தேன். முதல் விசையை அழுத்தினார். “பேசுங்க அண்ணாத்தே” என்று என் குரல் வந்தது. அதற்குப் பின்னால் “நான்தான்”. அன்றைய அவசரத்தில் என் குரலும் சேர்ந்து பதிவாகியிருந்தது. வெட்டிவிடுகிறேன் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அண்ணி சொன்னார்: “இருக்கட்டும் தம்பி. நீ கூப்புடுற, அவரு பதில் சொல்றாரு. ஊட்டுல ரெண்டு ஆளு பேசிக்கினு இருக்காப்ல கீது.”

காலி விசையையும் அவர் அழுத்துவார். விசையின் ‘டக்’ மட்டும் கேட்கும், பின்னால் குரல் வராது. வராத அந்தக் குரல்தான் அண்ணியின் பெயர். ‘டக்’ என்று கேட்டு எதுவும் தொடராவிட்டால், எந்த வேலையில் இருந்தாலும் அண்ணி “வரேன்” என்பார்.

நோய் திரும்பி வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் பெட்டி ஏது? அவர் நகத்தால் கட்டில் இரும்பைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு. அண்ணி “வரேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் கையைத் தேடினார். நான் அந்தக் கையை எடுத்து அண்ணியின் கையில் வைத்தேன். அதற்கப்புறம் தட்டு வரவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அண்ணி அம்பத்தூரில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே கூடத்தில் பாய் விரித்தால் நடக்க இடமில்லை. பெட்டி பழைய சாமான்காரனிடம் போனது. மருமகன் படித்தவர், நல்லவர். பெட்டி போகும் முன் பதிவுகளைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப்போய், இரைச்சலை நீக்கி, ஒரு கேசட்டில் ஏற்றிக்கொண்டுவந்தார். முதல் திவசத்தன்று உறவுக்காரர்கள் நடுவில் அதைப் போட்டார். “மாமாவே கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெச்சிட்டுப் போயிருக்கார்,” என்று எல்லாருக்கும் சொன்னார். கேசட்டின் மேல் ஒட்டிய காகிதத்திலும் மாமாவின் பெயர் மட்டுமே இருந்தது.

கேசட் ஓடியது. “நான்தான்.”

அண்ணி முகத்தைத் திருப்பி, “தம்பி குரல் எங்க?” என்று கேட்டார்.

“எந்தத் தம்பி அத்தே? ஓ, அதுவா. அது தேவையில்லாத சத்தம், எடுத்துட்டேன். இப்ப மாமா குரல் மட்டும் சுத்தமா இருக்கு பாருங்க.”

“சுத்தமாத்தான் கீது,” என்றார் அண்ணி. “இப்ப யாருமில்லாத எடத்துல நின்னு சொல்றாரு.”

நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். திவச வீட்டில் சண்டையா என்று பேசாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

வெட்டாத பதிவு மருமகன் வைத்திருக்கும் சி.டி.யில் இன்னும் பத்திரமாக இருக்கிறதென்று மகளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து என் இரண்டு சொற்களை எடுத்து இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். ‘நான்தான்’ என்பதற்கு முன்னால். வெட்டாதே என்று அண்ணாத்தே தலையாட்டியது அதைத்தான். கேசட்டின் மேல் அவர் பெயருக்குக் கீழே, திக்கலைத் தீர்த்துப் பதிவு செய்தவன் நூம்பல்காரன் என்று எழுத வேண்டும். அண்ணிக்காக மட்டும் கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்காகவும் கேட்கிறேன். அந்தக் குரலை நான் பிடித்தேன். அவரைப் பேசச் சொன்னது நான்.